உடைந்தது கன்ட்ரோலர் இல்லை

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பொருளாளர் என்றால் வரவு செலவு படிப்பார், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களை ஞாபகப்படுத்துவார், உட்கார்ந்துவிடுவார். இன்று வரவு செலவைச் சீக்கிரம் முடித்துவிட்டு, தலைவரிடம் இன்னும் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். விஷயம், நம் குழந்தைகள் அறையில் இருக்கும் வீடியோ கேம் பெட்டி. அறுபதைத் தாண்டிய ஆளுக்கு கேம் எதற்கு என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் சென்ற காலாண்டுக் கணக்கில் நான் எழுதிய ஒரு பதிவு தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்க நான் இந்தப் பெட்டியைப் படிக்க வேண்டியிருந்தது. படித்ததையும் சொல்கிறேன், தப்பையும் சொல்கிறேன்.

முதலில் பெட்டி என்ன என்று தெரியாதவர்களுக்கு. டி பிளாக்கில் இருந்த ஒரு தம்பி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது நமக்கு விட்டுப்போனது அது. சோப்பு டப்பா அளவு. உள்ளே இருப்பது ராஸ்பெரி பை என்ற சின்ன கம்ப்யூட்டர். 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலில் விற்பனைக்கு வந்த வகை. மாணவர்கள் குறைந்த விலையில் கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்று இங்கிலாந்தில் வடிவமைத்தார்கள். அதில் ரெட்ரோபை என்ற இலவச மென்பொருளைப் போட்டால், முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய டிவி கேம்கள் எல்லாம் ஓடும். 1990-களில் போனஸ் பணத்தில் நம்மில் பல பேர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோமே, கேசட் போட்டு ஆடும் டிவி கேம், அந்த மாதிரி.

பெட்டியோடு இரண்டு கன்ட்ரோலர் வந்தது. ஒன்றின் ஒயரை எலி கடித்துவிட்டது. அதற்குப் பதிலாகச் சங்கச் செலவில் ஒன்று வாங்கினோம், 650 ரூபாய். சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலர். பார்க்கப் பழையதைப் போலவே இருந்தது.

அன்று சனிக்கிழமை. நம் கேட்டருகே இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகன் அறையில் இருந்தான். எட்டாம் வகுப்பு. இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் சனி, ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை ஆடலாம் என்று நாம் தீர்மானம் போட்டது ஞாபகம் இருக்கும். எல்லோரும் முழுமனதோடு போட்ட தீர்மானம் இல்லை என்பதும் ஞாபகம் இருக்கும். புதுக் கன்ட்ரோலரைச் சொருகியதும் அது அசையவில்லை. அந்தப் பையன்தான் மெனுவுக்குள் போய், திரை கேட்ட வரிசையில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கி, அதை ஓட வைத்தான். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதியது நன்றாக ஓடியது. ஐந்தே நிமிடத்தில் பழையது கெட்டுவிட்டது. கேமுக்குள் போனால் 'ஸ்டார்ட்' அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. குதிக்கிற பட்டன் சுடுகிறது, சுடுகிற பட்டன் செத்துக் கிடக்கிறது. புதுசு வந்ததும் பழசைப் போட்டு அடித்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். அவன், "உடையலை சார், மெனுல நல்லா ஓடுது, கேம்லதான் ஓடலை" என்றான். மூன்று தடவை சொன்னான். நான் கேட்கவில்லை.

அவன் அப்பா சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். "துணிக் கணக்குல கழிச்சுக்குங்க சார்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் சரி என்றேன். சங்கத்துக்கு 650 ரூபாயை என் கையிலிருந்து கட்டி, வரவில் "சேதத்துக்கு ஈடு" என்று எழுதினேன். வாரம் 80 ரூபாய் வீதம் என் வீட்டு இஸ்திரிக் கூலியில் பிடித்துக்கொண்டேன். அந்த வாரமே இரண்டு பேர் என்னிடம், "அதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பையன் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, அந்த 650 ரூபாயில் வேறு கடையில் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கினேன். இந்த முறை நானே உட்கார்ந்து, அந்தத் தம்பி எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்து, பட்டன்களைச் சொல்லிக் கொடுத்தேன். அது ஓடியது. சந்தோஷமாக இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தேன். சென்ற வாரம் வரை நன்றாக ஓடிய அந்தக் கன்ட்ரோலர், அச்சாகப் பழையதைப் போலவே கெட்டுக் கிடந்தது. மெனுவில் ஓடுகிறது, கேமில் ஓடவில்லை.

அறையில் அப்போது எந்தப் பையனும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். மாலையில் கணக்கு ஒத்துவராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. அப்போது மூத்தவர்கள் ஒரு வழி சொல்லித் தருவார்கள். வித்தியாசம் 9-ஆல் மிச்சமில்லாமல் வகுபடுகிறதா பார். வகுபட்டால், 54 என்று எழுத வேண்டிய இடத்தில் 45 என்பதுபோல இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். பணம் எங்கேயும் போயிருக்காது. அதாவது பிழையின் தன்மையைப் பார்த்தால், அதை எங்கே தேடுவது என்று தெரியும். "மெனுவில் ஓடுகிறது, கேமில் ஓடவில்லை" என்பது அந்த 9-ஆல் வகுபடுகிற வித்தியாசம். பையன் அதை முதல் நாளே என் கையில் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சி பிளாக்கில் இன்ஜினியரிங் படிக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் இந்தத் தகராறு குறைவு. நின்டெண்டோ கம்பெனி 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் பெட்டியில் கன்ட்ரோலர் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்தே வந்தது. கழற்ற முடியாது. அதற்குள் 4021 என்ற ஒரு சிப். எட்டுப் பட்டனுக்கு எட்டு ஒயர் கிடையாது. பெட்டி, "இப்போதைய நிலவரம் சொல்" என்று கேட்கும். கன்ட்ரோலர் ஒரே ஒயரில் வரிசையாகப் பதில் சொல்லும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. எப்போதும் இதே வரிசை. ஒன்றாவது பதில் என்றால் ஏ, நாலாவது பதில் என்றால் ஸ்டார்ட். இது நொடிக்குச் சுமார் 60 முறை நடக்கும். பெட்டிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் எந்தச் சந்தேகமும் வராது.

வேறு கம்பெனிப் பெட்டி என்றால் கதை வேறு. 1977-இல் வந்த அட்டாரியிலும், 1988-இல் வந்த சேகா மெகா டிரைவிலும் ஒரே மாதிரி ஒன்பது பின் சாக்கெட்தான். ஒன்றின் பிளக் மற்றதில் நுழையும். ஆனால் உள்ளே எந்தப் பின்னுக்கு என்ன வேலை என்பது ஒன்று போல இல்லை. நுழைகிறது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இப்போது எல்லாம் யுஎஸ்பி. எதையும் எதிலும் சொருகலாம். சொருகியதும் கன்ட்ரோலர் தன் பெயரைச் சொல்லும். கூடவே இரண்டு எண் சொல்லும். ஒன்று தயாரித்த கம்பெனியின் எண், மற்றது அந்த மாடலின் எண். ஆனால் எந்தப் பட்டனுக்கு எந்த எண் என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறார்கள். நம் பழைய கன்ட்ரோலரில் 'ஸ்டார்ட்' 9-ஆம் எண் பட்டன். புதியதில் அதே 'ஸ்டார்ட்' 7-ஆம் எண். அதனால்தான் முதல் முறை சொருகியதும் பெட்டி பட்டன் பட்டனாகக் கேட்டு எழுதிக்கொள்கிறது. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி ஒரு அட்டையில் வைப்போமே, அதுதான் இது.

நம் அறையில் நடந்தது என்ன? ரெட்ரோபையில் மெனுவைக் காட்டுவது ஒரு மென்பொருள், பெயர் எமுலேஷன்ஸ்டேஷன். பெரும்பாலான கேம்களை ஓட்டுவது இன்னொன்று, பெயர் ரெட்ரோஆர்ச். இருவரும் தனித்தனியாக அட்டை வைத்துக்கொள்கிறார்கள். மெனுக்காரர் எண்ணையும் பார்த்து மாதிரியைப் பிரித்து வைத்திருந்தார். கேம்காரர் பக்கத்தில், அட்டை கன்ட்ரோலரின் பெயரில் ஒரு ஃபைலாகப் பதிவாகிறது. நம் மூன்று கன்ட்ரோலரும் வெவ்வேறு இடத்தில் செய்தவை. ஆனால் மூன்றும் சொன்ன பெயர் ஒன்றே: யுஎஸ்பி கேம்பேட்.

ஒரே கிளையில் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் மூன்று வாடிக்கையாளர். மூவருக்கும் ஒரே அட்டை. இரண்டாமவர் வந்து கையெழுத்துப் போட்டதும் முதலாமவர் அட்டை போய்விட்டது. அதற்குப் பிறகு முதலாமவர் தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டாலும், "கையெழுத்து ஒத்துவரவில்லை" என்று திருப்பி அனுப்புகிறோம். அவர் கையில் என்ன குறை? ஒன்றுமில்லை. பையன் புதியதற்குச் சொல்லிக் கொடுத்தபோது பழையதின் அட்டை போனது. நான் மூன்றாவதற்குச் சொல்லிக் கொடுத்தபோது இரண்டாவதின் அட்டை போனது. அவன் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவனுக்கு மட்டும் தண்டம் போட்டேன்.

சோதனையும் செய்து பார்த்தோம். கீபோர்டில் எஃப்4 அமுக்கினால் மெனு மறைந்து கட்டளை எழுதும் கறுப்புத் திரை வரும். அதில் ஜேஎஸ்டெஸ்ட் என்ற சோதனையை ஓட்டினால், ஒவ்வொரு பட்டனை அமுக்கும்போதும் அதன் எண்ணுக்கு எதிரே 'ஆன்' என்று மாறும். "உடைந்த" பழைய கன்ட்ரோலரில் எல்லாப் பட்டனும் ஆன், ஆன் என்றே வந்தன. ஒரு பட்டன்கூடப் பழுதில்லை.

சரி செய்த விதம் இது. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி ஃபைல் வைத்து, அதற்குள் பெயரோடு அந்த இரண்டு எண்ணையும் எழுதினோம். இனிமேல் பெயர் ஒன்றானாலும் எண்ணைப் பார்த்துச் சரியான அட்டையை எடுக்கும். இதில் எங்களுக்கு ஒரு மணி நேரம் வீணானது, அதனால் சொல்லி வைக்கிறேன். கறுப்புத் திரையில் எல்.எஸ்.யூ.எஸ்.பி என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் எண்கள் தெரியும். ஆனால் அது பதினாறின் மடங்குக் கணக்கு; பத்து முதல் பதினைந்து வரைக்கும் ஏ, பி என்று எழுத்து வரும். ஃபைலில் எழுத வேண்டியது நம் சாதாரணப் பத்தின் மடங்குக் கணக்கு. உதாரணமாக மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் எண் 045, கடைசியில் ஆங்கில 'இ'. 4-ஐ 256-ஆல் பெருக்கினால் 1024. 5-ஐ 16-ஆல் பெருக்கினால் 80. 'இ' என்பது 14. கூட்டினால் 1118. ஃபைலில் போக வேண்டியது 1118. பி.காம். படித்தது இதற்காவது உதவியது.

இனி நம் அறைக்கும், வீட்டில் இந்த மாதிரிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கும், கன்ட்ரோலர் ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசை. இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

ஒன்று, மின்சாரம். திரையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா? வந்தால் பெட்டிக்குப் போதிய மின்சாரம் வரவில்லை. ராஸ்பெரி பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கையில் கிடைத்த பழைய போன் சார்ஜரைச் சொருகினால் கன்ட்ரோலர் விட்டு விட்டு ஓடலாம். கன்ட்ரோலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இரண்டு, வேறு யுஎஸ்பி ஓட்டையில் மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஒயரை அசைத்தால் விட்டுப்போகிறதா பாருங்கள். எலி இருக்கிற வளாகம் இது.

மூன்று, மெனுவில் ஓடுகிறதா, கேமில் ஓடுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். மெனுவில் ஓடினால் கன்ட்ரோலருக்கு உயிர் இருக்கிறது. கோளாறு அட்டையில் இருக்கிறது.

நான்கு, கன்ட்ரோலரில் ஏதாவது ஸ்விட்ச் இருக்கிறதா? சிலவற்றின் பின்னால் எக்ஸ், டி என்று இரண்டு நிலை உண்டு. லாஜிடெக் எஃப்310 அப்படித்தான். ஸ்விட்சைத் தள்ளினால் பெட்டிக்கு அது வேறொரு கன்ட்ரோலர். 8பிட்டோ கம்பெனியின் பல மாடல்களில் ஸ்விட்ச் இருக்காது. ஸ்டார்ட்டோடு எக்ஸ் சேர்த்து அமுக்கித் தொடங்கினால் ஒரு வேஷம், ஸ்டார்ட்டோடு பி சேர்த்தால் இன்னொரு வேஷம். எந்த வேஷத்தில் சொல்லிக் கொடுத்தீர்களோ அதே வேஷத்தில்தான் தினமும் தொடங்க வேண்டும்.

ஐந்து, இரண்டு பேர் ஆடும்போது முதல் ஆளும் இரண்டாவது ஆளும் மாறிப்போனால், அது கோளாறு இல்லை. பெட்டி எதை முதலில் கண்டதோ அதற்கு முதல் இடம். கழற்றி வரிசையாகச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தம்பி தங்கை சண்டையில் பாதி இதனால்தான் வருகிறது.

ஆறு, பட்டன் சொல்லிக் கொடுக்கும்போது, உங்கள் கன்ட்ரோலரில் இல்லாத பட்டனைத் திரை கேட்டால், ஏதாவது ஒரு பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துத் தாண்டிப் போகலாம். கடைசியில் 'ஹாட்கீ' என்று கேட்கும்போது செலக்ட்டைக் கொடுங்கள். செலக்ட், ஸ்டார்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கேமிலிருந்து வெளியே வரலாம். இது தெரியாமல் பிள்ளைகள் மெயின் ஸ்விட்சை அணைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மெமரி கார்டில் இருப்பது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

ஏழு, புதிதாக வாங்கினால் ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள். ஒரே அட்டை இரண்டுக்கும் பொருந்தும். 650 ரூபாய்க்கு இரண்டு முறை தனித்தனியாக வாங்கிய பொருளாளரின் அனுபவம் இது.

இனி என் பதிவுக்கு வருகிறேன்.

வங்கியில் காரணம் தெரியாத வித்தியாசம் வந்தால் அதை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். காரணம் தெரியும்வரை எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் பற்று எழுத மாட்டோம். எழுதினால் மேனேஜர் சும்மா விட மாட்டார். இத்தனை வருஷம் அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தவன், இங்கே காரணம் தெரியாமலே ஒரு பையன் கணக்கில் பற்று எழுதினேன். பி பிளாக் டாக்டர் வீட்டுப் பையன் கையில் அந்தக் கன்ட்ரோலர் கெட்டிருந்தால் எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன். "அடடா, மட்டமான சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டியிருப்பேன்.

"சேதத்துக்கு ஈடு" என்ற வரவை ரத்து செய்து, அந்த 650 ரூபாயை என் நன்கொடை என்று திருத்திப் பதிவு எழுதிவிட்டேன். புத்தகம் இங்கே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். கூலியில் பிடித்த 240 ரூபாயை அவன் அப்பாவிடம் நேரில் கொடுத்தேன். "இருக்கட்டும் சார்" என்றார். இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். வாங்கி, எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பையனிடமும் மன்னிப்புக் கேட்டேன். இதைக் கூட்டத்தில் பேசலாமா என்று இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். வீட்டு வாசலில் குற்றம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. தப்பு என்னுடையது என்பதும் எல்லோர் காதிலும் விழ வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொது அறையில் எந்தப் பொருள் கெட்டாலும், அந்த ஏழு சோதனையைப் போலச் சோதித்து, சோதித்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் யாரிடமும் பணம் கேட்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். அது எந்த பிளாக் பிள்ளையானாலும், கேட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளையானாலும் ஒன்றுதான். அன்று "அப்பவே சொன்னோம்" என்ற நண்பர்கள் வழிமொழிந்தால் சந்தோஷப்படுவேன்.

மூன்று கன்ட்ரோலரும் இப்போது ஓடுகின்றன. எதை எப்போது மாற்றினாலும் ஓடுகின்றன. இரண்டு வாரமாகப் பையனும் வருகிறான். நான் அறையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கித்தான் உட்காருகிறான். மற்றவர்கள் கொடுத்த பிறகுதான் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறான். அது ஒரே நாளில் சரியாகாது. அதனால் சனிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு நானும் போய் உட்காருகிறேன். ஆடக் கற்றுக்கொடு என்று அவனைத்தான் கேட்டிருக்கிறேன். முதல் கட்டத்தையே இன்னும் தாண்டவில்லை.